புதுப்பிப்பு: கில்மோர் ஒன்றல்ல, பல

அயர்லாந்தில் கில்மோர் என்ற பங்கு (parish, ஒரு தேவாலயத்தைச் சார்ந்து அமைந்த நிலப்பகுதி) ஒன்றுதான் என்று எண்ணி, ஒரு குடும்பத்தின் நிலப் பதிவை அர்மா கவுன்டியோடு (மாவட்டம் போன்ற பிரிவு) இணைத்து முந்தைய இழையில் எழுதியிருந்தேன், அது தவறு. அர்மா, கேவன், மோனஹன், ரோஸ்காமன், வெக்ஸ்ஃபர்ட் எனப் பல கவுன்டிகளில் அதே பெயரில் பங்குகள் உள்ளன. ஐரிய மொழியில் ‘பெரிய தேவாலயம்’ என்று பொருள்படும் பெயர், பல ஊர்களுக்கும் இயல்பாகவே அமைந்துவிட்டது. (வேறு சில ஊர்ப்பெயர்களில் அதே ‘கில்’ காட்டைக் குறிக்கும் சொல்லின் திரிபு என்பதையும் மறக்கலாகாது.)

1847 முதல் 1864 வரை வெளியான, அயர்லாந்தின் நிலங்களையும் கட்டடங்களையும் வரிக்காக மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீட்டில், அந்தக் குடும்பத்தின் பதிவு உள்ள பக்கத்தை மீண்டும் பார்த்தேன். பங்கின் பெயரை மட்டும் படித்த நான், தலைப்பில் அச்சாகியிருந்த பாரனி (கவுன்டியின் உட்பிரிவு), கவுன்டி பெயர்களைக் கவனிக்கவில்லை. அங்கே பார்கி பாரனி, வெக்ஸ்ஃபர்ட் கவுன்டி என்று தெளிவாக இருக்கிறது.

இன்னொன்றையும் திருத்துகிறேன்: மதிப்பீட்டில் வரும் பங்கும் கத்தோலிக்கப் பங்கும் ஒன்றல்ல. மதிப்பீட்டில் வருவது இடைக்கால எல்லைகளை ஒட்டிய குடிமைப் பங்கு (civil parish), அதாவது அரசு நிர்வாகத்துக்கான பிரிவு. கத்தோலிக்கப் பங்குகளோ சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் பெரும்பாலும் பழைய பங்குகளை இணைத்து அமைக்கப்பட்டவை. எனவே, ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுவோர் பங்கின் பெயரை நம்பாமல், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்ட் எனும் சிறு நிலப்பிரிவுகளில் தங்களுக்குரியதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.