வெளிநாட்டு ஆபீஸ்ல டேட்டாபேஸ் டேபிளுக்குப் பேர் வைக்கறதுக்கு முன்னாடி சித்த பொறுங்க

ஜெர்மனி வந்து ரெண்டு மாசந்தான் ஆச்சு, அதுக்குள்ள புது டேட்டாபேஸ் டிசைன் பண்ணச் சொல்றாங்க, எந்த நேமிங் கன்வென்ஷன், அதான் டேபிளுக்கெல்லாம் பேர் வைக்கற முறை, நல்லதுன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல. பெருந்துறையாம், நம்ம பக்கம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றனுங்க.

எது நல்லதுன்னு தேடாதீங்க தம்பி, அங்க ஏற்கெனவே என்ன இருக்குதுன்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க. நம்மூர்ல கெணத்துக்காடும்பாங்க, கெணறு மூடி இருவது வருசமாயிருக்கும், ஆனாலும் புது மருமகப்புள்ள வந்து பேர மாத்துனா டிராக்டர்காரன் அடுத்தவன் காட்டையல்ல உழுதுட்டுப் போவான்.

நான் பட்டத சொல்றேன். கோயமுத்தூர்ல பூரா ஆரக்கிள்ங்கற டேட்டாபேஸ்தான், பேருக்கு ரெண்டு பக்கமும் கோட், அதான் மேற்கோள் குறி, போடாம எழுதுனா எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கிக்கும். இங்க ஜெர்மனில போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ், இது அப்படியே தலைகீழ், சின்ன எழுத்தாக்கிரும். அது தெரியாம, பாக்க அழகா இருக்கட்டும்னு CustomerOrderனு C, O ரெண்டு எழுத்த பெருசா வெச்சு டபுள் கோட் போட்டு டேபிள் கிரியேட் பண்ணிட்டேன், அதுக்கப்புறம் அதத் தொடறவங்க எல்லாம் தடவைக்குத் தடவை கோட் போடணும், மறந்தா அப்படி ஒரு டேபிளே இல்லீங்குது. ரிப்போர்ட் எழுதற ஜெர்மன்காரம்மா ஒரு வாரம் என்னைய மொறச்சுட்டே திரிஞ்சாங்க. சின்ன எழுத்து, நடுவுல அண்டர்ஸ்கோர், கோட்டே வேண்டாம், அவ்வளவுதான்.

டேபிள் பேரு ஒருமையா பன்மையான்னு மீட்டிங் போட்டு சண்ட புடிப்பாங்க, போச்சாதுன்னு விட்டுருங்க, எல்லாம் ஒரே மாதிரி இருந்தாச் செரி.

இங்க பழைய டேபிள் நெம்ப ஜெர்மன்லயே இருக்கும், கஸ்டமருக்கு குண்டெ, ஆர்டருக்கு பெஷ்டெல்லுங். சிரிக்காதீங்க, ஆர்டர், யூசர் எல்லாம் போஸ்ட்கிரெஸ் தனக்குன்னு புடிச்சு வெச்ச வார்த்தைங்க, ஜெர்மன்ல வெச்சா அந்தத் தொல்லை இல்ல. என்ன, இவங்க வார்த்தைகள ரயில்பெட்டியாட்டம் கோத்துக்கிட்டே போவாங்க, போஸ்ட்கிரெஸ்ல பேருக்கு 63 பைட்டுதான், இங்கிலீஷ் எழுத்துன்னா 63 எழுத்து, மிச்சத்த வெட்டிட்டு ஒரு நோட்டீஸ் மட்டும் காட்டிட்டுப் போயிரும். பாதி ஜெர்மன் பாதி இங்கிலீஷ்னு ஒரே டேபிள்ல மட்டும் கலந்துறாதீங்க.

அப்பறம் இந்த லாஸ்ட் நேம் காலம் (column). நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு, இனிஷியல்தான. விசாவுக்காக அப்பா பேரப் போட்டேன், அவரு கோபில தோட்டத்துல வாழைக்குத் தண்ணி கட்டிட்டு இருக்காரு, இங்க தெனமும் ஹெர் (மிஸ்டர்) பழனிசாமின்னு கூப்புட்டா நான் திரும்பிப் பாக்கறேன். ஆளுங்க டேபிள் உங்க கைக்கு வந்தா முழுப்பேருக்கு ஒரு காலம், கூப்புடற பேருக்கு ஒண்ணுன்னு கேட்டுப் பாருங்க, ஒத்துக்கலைன்னா அந்த லாஸ்ட் நேம்ல நாட் நல் (NOT NULL, வெத்தா விடக்கூடாதுங்கற கட்டாயம்) மட்டுமாவது போடாம விடுங்க.