‘வெற்றிடம்’ வேண்டாம், ‘விடுபுள்ளி’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வைரத்தில் ஒரு கார்பன் அணு விட்டுப்போன இடமும் அதை ஒட்டிய நைட்ரஜன் அணுவும் சேர்ந்ததை ஆங்கிலத்தில் nitrogen-vacancy centre என்பார்கள். அந்த vacancy-க்குத் தமிழில் ‘வெற்றிடம்’, ‘காலியிடம்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. முதல் சொல்லை நானே பயன்படுத்திச் சிக்கியிருக்கிறேன். சென்னையில் ஒரு கல்லூரியில் ‘நைட்ரஜன்-வெற்றிட மையம்’ என்று பேசினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, “வைரத்துக்குள்ளேயிருந்து காற்றை எப்படி சார் எடுப்பார்கள்?” என்று கேட்டாள். தப்பு அவள்மேல் இல்லை. காற்றை உறிஞ்சிய இடம் என்றுதானே அந்தச் சொல்லைப் படித்திருக்கிறாள்.

அந்த இடம் வெறுமையும் இல்லை. ஒரு கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் அணு எதுவும் இல்லைதான். அதை ஒட்டி இன்னொரு கார்பனின் இடத்தில் நைட்ரஜன். ஆனால் அந்த இடத்தைச் சுற்றி மிச்சமுள்ள மூன்று கார்பன்கள் ஆளுக்கு ஒன்று, நைட்ரஜன் இரண்டு, வெளியிலிருந்து வந்தது ஒன்று என ஆறு எலக்ட்ரான்கள் அங்கே கூடுகின்றன. அவற்றின் தற்சுழற்சி (spin) என்ற குவாண்டம் பண்பைத்தான் ஒளியால் ஆள்கிறோம். 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டால் மையம் சிவப்பாக ஒளிரும். பட்டுக்கொண்டே இருந்தால் தற்சுழற்சி, அதற்குள்ள 0, +1, −1 என்ற மூன்று நிலைகளில் 0-வுக்கு வந்து சேரும். அப்புறம் 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலையால் அதை ±1 நிலைக்குத் திருப்பினால் சிவப்பு மங்கும். அந்த மங்கலை வைத்தே நிலையைப் படித்துவிடலாம், அதுவும் அறை வெப்பநிலையில். இவ்வளவு நடக்கும் இடத்துக்கு ‘வெற்று’ என்று பெயர் வைக்க மனம் வரவில்லை.

‘காலியிடம்’ தேவலை. ஆனால் வேலைவாய்ப்புச் செய்தி வாடை போகாது.

என் பரிந்துரை ‘விடுபுள்ளி’. மயிலாப்பூரில் எங்கள் வாசலில் அம்மா மார்கழியில் 15 புள்ளி வைத்து 8 வரை இறக்குவார். நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போனால், இழை இழுக்கும்போது கை அங்கேதான் தடுமாறும். வைரம் போன்ற படிகமும் அப்படித்தான், அணுக்களே வரிசை பிசகாமல் வைத்த புள்ளிகள். அந்த வரிசையில் ஓரிடத்தில் நேரும் பிழைக்குப் ‘புள்ளிக் குறைபாடு’ என்ற பெயர் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு ‘விடுபுள்ளி’ ஒட்டும். விடுமுறை, விடுகதை போல நாக்கிலும் உட்காரும். சிலிகான் கார்பைடு என்ற இன்னொரு படிகத்தில் அடுத்தடுத்து இரண்டு அணுக்கள் இல்லாத இடம் ‘இரட்டை விடுபுள்ளி’ ஆகிவிடும். அணுக்களுக்கு நடுவே நுழைந்துகொண்ட கூடுதல் அணுவுக்குக் கோலக்காரர்கள் இரண்டு புள்ளிகளின் இடுக்கில் வைக்கும் ‘இடுக்குப்புள்ளி’யையே எடுத்துக்கொள்ளலாம்.

‘தற்சுழற்சி’ பள்ளி வரை பழகிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

அடுத்த கட்டுரையில் ‘நைட்ரஜன்-விடுபுள்ளி மையம்’ என்றே எழுதப் போகிறேன். ‘இடுக்குப்புள்ளி’யில் மட்டும் எனக்குச் சின்னத் தயக்கம்: கோலத்தில் அது முறையான புள்ளி, படிகத்தில் முறைதவறி வந்தது. இதைவிடப் பொருந்தும் சொல் இருந்தால் எழுதுங்கள்.