கெக்கோ தோல் உரிக்கும்போது விரல்களுக்கு என்ன ஆனது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

என்னிடம் இருப்பது மூன்று வயது லெபர்ட் கெக்கோ, உடம்பில் புள்ளிகள் உள்ள வளர்ப்புப் பல்லி, பெண். தோல் உரிப்பதில் இவளால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை என்று போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் உடம்பு பால் பூத்தாற்போல வெளுக்கும், காலையில் பார்த்தால் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும். பெட்டியில் ஒரு துண்டு தோல்கூடக் கிடக்காது. கெக்கோக்கள் உரித்ததை உரித்தபடியே தின்றுவிடும் என்பதால், எல்லாம் போய்விட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம். நான் ஏமாந்தது அங்கேதான்.

ஒரு நாள் கையில் ஏறியபோது இடது பின்காலில் நான்காவது விரல் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. நுனி கறுத்திருந்தது. அழுக்கு என்று நினைத்து ஈரப் பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. விரலின் நடுவில் நூல் கட்டியதுபோல ஒரு வளையம். ஒரு தடவை விட்டுப்போன தோல் அல்ல, இரண்டு மூன்று தடவை மிஞ்சியது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறுகியிருக்கிறது. வளையத்துக்கு அப்பால் ரத்தம் போகவில்லை.

மருத்துவர் லென்ஸ் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊறவைத்து வளையத்தை எடுத்தார். நுனி செத்துவிட்டது, காய்ந்து தானாக விழட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள் என்றார். வீக்கம் மேலே பாதத்துக்கு ஏறினாலோ, சீழ் வைத்தாலோ, சாப்பாட்டை நிறுத்தினாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் டிஷ்யூ பேப்பரில் கடுகளவு கறுப்பாக ஒன்று கிடந்தது. அதில் நகமும் இருந்தது. வால் போனால் முளைக்கும், விரல் முளைக்காது.

தப்பு எங்கே என்று தேடினேன். அவள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளப் பாசி போட்ட சின்ன ஈரப்பெட்டி இருந்தது, ஆனால் கூண்டின் குளிர்ந்த பக்கத்தில். மேலே பச்சையாக இருக்கிறதே என்று விட்டிருந்தேன். விரலை உள்ளே விட்டால் அடிப்பாசி மொறமொறவென்று காய்ந்து கிடக்கிறது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஈரம் இருந்தால்தான் பழையது வழுக்கிக்கொண்டு வரும். விரல் நுனி சின்னது, முதலில் காய்வதும் அங்கேதான். இப்போது ஈரப்பெட்டியைச் சூடான பக்கத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். பாசியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அந்தப் பதம்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

நடந்திருக்கிறது. நான் செய்தது இன்னும் மோசம். முன்கால் விரலில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது, ட்வீசரால் பிடித்து இழுத்தேன். அடியில் இருந்த புதுத் தோலும் சேர்ந்து வந்தது, ரத்தம். காய்ந்த தோலை இழுக்கவே கூடாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது செய்வது: மூடியில் ஓட்டை போட்ட டப்பா, அடியில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த டிஷ்யூ, 28–30 டிகிரி. இருபது நிமிடம். தண்ணீரில் மிதக்க விடவேண்டியதில்லை, கால் நனைந்தால் போதும். பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, விரலின் அடியிலிருந்து நகத்தை நோக்கி உருட்டுவேன். மோதிரம் கழல்வதுபோல நகர்ந்து வரும். வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் திரும்ப. பக்கத்திலேயே இருங்கள், டப்பா சட்டென்று ஆறிவிடும்.

*

எல்லா விரல் வீக்கத்தையும் தோலின் தலையில் கட்டாதீர்கள். என் ஆண் கெக்கோவுக்கு வலது முன்காலில் இரண்டு விரல் வீங்கியது. நானும் ஊறவைத்து ஊறவைத்துப் பார்த்தேன், வளையமே இல்லை. இரவு சாப்பிடாமல் விட்ட கிரிக்கெட் பூச்சிகளை அப்படியே பெட்டியில் விட்டுவைத்திருந்தேன். அவன் தூங்கும்போது அவை விரலைக் கடித்திருக்கின்றன! சாப்பாடு அவனா, அவையா என்று வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள். காயம் ஆறும்வரை மணலை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் விரித்தேன். போவிடோன் அயோடினை மருத்துவர் சொன்னபடி வெளிறிய டீ நிறத்துக்குக் கலக்கி தினம் ஒற்றினேன். விரல் பிழைத்தது, நகம் மட்டும் கோணல்.

பல விரல்கள் ஒரே சமயத்தில், வளையமும் கடியும் இல்லாமல் வீங்கினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். கௌட்டாக (மூட்டில் யூரிக் அமிலம் சேரும் நோய்) இருக்கலாம், எலும்பில் கிருமி ஏறியிருக்கலாம்.

*

என்னுடையது கிரெஸ்டட், இன்னொரு வகைக் கெக்கோ. இதற்கு இமை கிடையாது, கண்ணை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும். விரலடியில் ஒட்டும் பட்டைகள் உண்டு. பழைய தோல் அதை மூடிக்கொண்டால் கறுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்: கண்ணாடியில் ஏறும், பாதியில் தொப்பென்று விழும். நடுராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறேன். வால் நுனியையும் பாருங்கள், கிரெஸ்டடுக்கு வால்கூடத் திரும்ப முளைக்காது.

ஈரம் சரியாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பார்த்தால் சாப்பாட்டில் வைட்டமின் ஏ போதவில்லை. அளவை மருத்துவரைக் கேட்டே கொடுத்தேன், அதிகமானாலும் ஆபத்து.

*

எல்லோருக்கும் நன்றி. கிரிக்கெட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நேற்று முதல் மிஞ்சியதை எடுத்துவிடுகிறேன். ட்வீசர் நண்பரே, நானும் அன்றைக்கு அதைக் கையில் எடுத்தேன், பிறகுதான் வைத்தேன்.

காலுக்கு ஐந்து வீதம் இருபது. என்னவளுக்கு இப்போது பத்தொன்பதரை. ஒவ்வொரு உரிப்புக்கும் மறுநாள் நான்கு பாதங்களையும் கண்ணாடி டப்பாவில் விட்டு அடியிலிருந்து படம் எடுக்கிறேன், அவளைப் பிடித்து அழுத்தவேண்டிய வேலையே இல்லை. படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தடிப்பு உடனே தெரிகிறது.

இன்று சாயங்காலம் மறுபடி வெளுத்துவிட்டாள். பாசியை நனைத்து வைத்தாயிற்று. உள்ளே போய்விட்டாள், வால் மட்டும் வெளியே தெரிகிறது. காலையில் எண்ணிவிட்டு வந்து சொல்கிறேன்.