ஆன்லைன்ல எஃப்என்பி (ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர், அதாவது தானே பேஷன்ட்ட பாத்து மருந்து எழுதுற நர்ஸ்) படிக்கிறவங்க எப்படி சமாளிக்கிறீங்க? ரெண்டாவது டெர்ம்லயே நாக்கு தள்ளுது

நைட்டி_ஹூஸ்டன்:
எல்லாருக்கும் வணக்கம். மெட்-சர்ஜ் ஃப்ளோர்ல (பொது நோய், ஆபரேஷன் பேஷன்ட் வார்டு) வாரம் மூணு நைட் பாக்குறேன், ஏழுக்கு ஏழு. ஊர்ல பிஎஸ்சி முடிச்சு என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசன்ஸ் பரீட்சை) எழுதி இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு, ரெண்டு பசங்க. ஆன்லைன்தானே, பசங்க தூங்குனப்புறம் நம்ம இஷ்டத்துக்கு படிச்சுக்கலாம்னு நெனச்சு எம்எஸ்என்ல (நர்சிங் மாஸ்டர்ஸ்) சேந்துட்டேன், அங்கதான் மாட்டிக்கிட்டேன். புதன்கிழமைக்குள்ள டிஸ்கஷன் போஸ்ட், ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டு பேருக்கு ரிப்ளை, நடுவுல குவிஸ், எல்லாத்துக்கும் ஏபிஏ ஸ்டைல்ல ரெஃபரன்ஸ் வேற. போன வாரம் கூத்த கேளுங்க, டெட்லைன் 11:59-னு போட்டிருந்தாங்க, நான் 11:20-க்கு சப்மிட் பண்றேன், லேட்னு காட்டுது! அது ஈஸ்டர்ன் டைமாம், ஹூஸ்டன்ல 10:59-க்கே கதவ சாத்திட்டாங்க. அதுக்கு முந்தின பேப்பர் டர்னிட்டின்ல (காப்பி அடிச்சிருக்கான்னு பாக்குற சாஃப்ட்வேர்) 38 பர்சென்ட் மத்த எழுத்தோட ஒத்துப்போகுதுன்னு வந்து புரொஃபசர் மெயில் போட்டாங்க. நான் காப்பி அடிக்கலங்க, நாம படிச்ச காலத்துல புக்ல இருக்குற வரிய அப்படியே எழுதுனாத்தானே மார்க்கு? ஒரு டெர்முக்கு ரெண்டு கோர்ஸ் எடுக்குறேன். விட்ரலாமான்னு கூட தோணுது.

ஜெர்சி_அக்கா:
விட்றாதம்மா, நானும் இப்படி அழுதுதான் முடிச்சேன், இப்ப ப்ரைமரி கேர்ல நாலு வருஷமா எஃப்என்பி. மொதல்ல அந்த 38. ஆர்ட்டிகிள பக்கத்துல தொறந்து வெச்சுக்கிட்டு எழுதாத, வார்த்தைய மாத்தி மாத்தி போட்டாலும் அந்த வரியோட எலும்புக்கூடு அப்படியே நிக்கும். படிச்சு முடிச்சு மூடி வெச்சிரு. காலைல வர்ற நர்சுக்கு ஹேண்டாஃப் குடுக்குறமாதிரி வாய்விட்டு சொல்லு, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணு, தமிழும் இங்கிலீஷும் கலந்து வந்தாலும் பரவால்ல. அத கேட்டு எழுது, அப்புறமா ஆர்ட்டிகிள தொறந்து நம்பர் சரியான்னு பாத்து சைட்டேஷன் போடு. ஹார்ட் ஃபெயிலியர் பேஷன்ட்டுக்கு ஃபியூரோசமைட் (நீர் பிரிய வைக்குற மருந்து) குடுத்துட்டு ஏன் பொட்டாசியம் பாக்குறோம்னு ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி கேட்டாலும் உனக்கு சொல்ல வரும்ல, அதுதான் பேத்தோ (பேத்தோபிசியாலஜி, நோய் ஒடம்புல என்ன பண்ணுதுங்கிற பாடம்), அத எழுது. ரெஃபரன்ஸ் லிஸ்டுக்கு சொட்டேரோ (Zotero) சாஃப்ட்வேர் போட்டுக்கோ, ஃப்ரீதான். ஆனா அது தர்றத அப்படியே நம்பாம ஒரு தடவ கண்ணால பாத்துரு, டைட்டில்ல கேப்பிடல் லெட்டர் சொதப்பும்.

இதெல்லாம் ரெண்டு டெர்ம்ல பழகிரும். நான் பயப்படறது வேற. ப்ரிசெப்டர (கிளினிக்ல கூட வெச்சு ட்ரெய்னிங் குடுக்குறவங்க) யார் தேடணும், ஸ்கூலா நீயா?

நைட்டி_ஹூஸ்டன்:
நாமதான் தேடணும்கா. கிளினிக்கல் அடுத்த வருஷந்தானே, அப்ப பாத்துக்கலாம்னு இருக்கேன்.

ஜெர்சி_அக்கா:
ஐயோ வேணாம்மா!! இப்பவே ஆரம்பி. 2022-ல வந்த என்டிஎஃப் (என்பி படிப்புக்கு தரம் வெக்குற நேஷனல் டாஸ்க் ஃபோர்ஸ்) ஸ்டாண்டர்ட்ல நேரடியா பேஷன்ட் பாக்குற நேரம் குறைஞ்சது 750 மணின்னு ஆக்கிட்டாங்க, முன்னாடி 500 தான். கணக்கு போடு, ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரம் ரெண்டு நாள் போனாலும் 47 வாரம். அதுல பெரியவங்க, கொழந்தைங்க, விமன்ஸ் ஹெல்த் எல்லாம் வரணும், ஒரே கிளினிக்ல பெரும்பாலும் கெடைக்காது. ப்ரிசெப்டர் சரின்னு சொன்னாலும் கிளினிக்கும் ஸ்கூலும் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடணும், அது லீகல்ல போய் மாசக்கணக்குல தூங்கும். என்கூட படிச்ச பொண்ணு பேப்பர்ல எல்லாம் ஏ, பீட்ஸ் (கொழந்தைங்க) ப்ரிசெப்டர் கெடைக்காம ஒரு டெர்ம் சும்மா ஒக்காந்துச்சு. காசு வாங்கிட்டு ஆள் புடிச்சு குடுக்குற ஏஜென்சி இருக்கு, ஆனா அது நம்ம கைக்காசுதான்.

கோவை_டல்லாஸ்:
அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா ரெண்டு கோர்ஸ் விஷயத்த விட்டுட்டாங்க. ஃபுல் டைம் நைட் பாத்துக்கிட்டு பேத்தோவையும் ஃபார்மாவையும் ஒரே டெர்ம்ல எடுத்தவன் நான், ஃபார்மால சி வந்துச்சு, எங்க ஸ்கூல்ல பி-க்கு கொறஞ்சா திரும்ப எடுக்கணும், காசும் போச்சு மூணு மாசமும் போச்சு. ஒண்ணு ஒண்ணா எடுங்க சிஸ்டர், லேட் ஆனா ஆகட்டும். இன்னொண்ணு, உங்க ஹாஸ்பிடல் எச்ஆர்ல டியூஷன் உதவி கேட்டீங்களா? கம்பெனி குடுக்குறதுல வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் டாக்ஸ் கெடையாது, வருஷாவருஷம் புதுசா கெடைக்கும். மெதுவா படிச்சா அந்தக் காசும் அதிக வருஷத்துக்கு வரும். ஆனா படிச்சு முடிச்சப்புறம் இத்தன வருஷம் இங்கயே வேல பாக்கணும்னு கண்டிஷன் இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

ஜெர்சி_அக்கா:
@கோவை_டல்லாஸ் ஒண்ணு ஒண்ணாவா? ரொம்ப இழுத்தா ஆச விட்டுப்போயிரும் தம்பி, நான் ரெண்டுதான் எடுத்தேன். ஆனா எனக்கு மாமியார் கூட இருந்தாங்க, அதையும் சொல்லணும்.

ஒரு_நர்சோட_புருஷன்:
எங்க வீட்டம்மா படிக்கிறாங்க, நான் கரண்டி டிபார்ட்மென்ட். ப்ராக்டர்டு எக்ஸாம் (கேமரால கண்காணிக்கிற பரீட்சை) அன்னைக்கு வீட்ல ஆள் வெச்சுக்கங்க. கேமராவ சுத்தி ரூம காட்ட சொல்றாங்க, மேசைக்கு அடில கூட. நல்லா காட்டிட்டு ஒக்காந்தாங்க, பத்தாவது கேள்வில சின்னவன் கதவ தொறந்து “அம்மா, கக்கா”ன்னு நின்னான். எக்ஸாம் ஃப்ளாக் ஆகி, அப்புறம் வீடியோவ பாத்து விட்டுட்டாங்க. இப்பல்லாம் எக்ஸாம்னா நான் பசங்கள கூட்டிக்கிட்டு பார்க் போயிருவேன், மழையா இருந்தா காஸ்ட்கோ.

நைட்டி_ஹூஸ்டன்:
சிரிச்சு சிரிச்சு பெரியவன் எந்திரிச்சிட்டான் 😂 ஃபோன் டைம்ஸோன்ல நியூயார்க்கையும் சேத்து வெச்சுட்டேன். அடுத்த டெர்ம் ஃபார்மா மட்டும், முடிவு பண்ணிட்டேன். அக்கா, எங்க பசங்க போற கிளினிக்ல ஒரு என்பி இருக்காங்க, நல்லா பேசுவாங்க. வியாழக்கெழமை சின்னவனுக்கு ஊசி, அப்ப கேக்கட்டுமா?

ஜெர்சி_அக்கா:
கேளு கேளு. ரெஸ்யூம் ஒரு காப்பி கைல வெச்சுக்கோ. ஊசி போட்டு அவன் கத்துறப்ப கேக்காத, அதுக்கு முன்னாடியே கேட்டுரு.