வாஷிங் மெஷின் ஒழுகுகிறதா? ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

புதிதாகக் குடிவந்த வீட்டில் வாஷிங் மெஷினுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவாராம், வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணமாம், என்ன செய்வது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. மூன்று வாடகை வீடுகள், மூன்று மெஷின்கள், மூன்றும் ஒழுகின. என் தகுதி அவ்வளவுதான்.

முதலில், மெஷின் யாருடையது? வீட்டோடு சேர்த்துத் தந்தது என்றால் வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ போட்டோவோடு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. ஃபில்டரைச் சுத்தம் செய்வதையும் ஹோஸை இறுக்குவதையும் பெரும்பாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூடியைக் கழற்றி உள்ளே கைவைத்துவிட்டால் கதை வேறு. அப்புறம் கீழ்வீட்டுக் கூரை நனைந்தாலும் பழி உங்கள் தலையில், பணம் உங்கள் அட்வான்ஸில். சொந்த மெஷின், வாரண்டி இன்னும் ஓடுகிறது என்றாலும் உள்ளே திறக்காதீர்கள்.

அடுத்து கரண்ட். தரையில் தண்ணீர் நிற்கும்போது பிளக்கில் கை வைக்கவே கூடாது. மெயின் பெட்டியில் அந்த லைனுக்கான பிரேக்கரை இறக்கிவிட்டு, அதன் பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பின்னால் மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயையும் மூடிவிடுங்கள். வெந்நீரில் துவைத்துக்கொண்டிருந்தது என்றால் ஆறும்வரை பொறுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தரைச் சாய்வைப் பொறுத்து முன்னால் ஒழுகியது பின்னால் போய் நிற்கும். எப்போது ஒழுகுகிறது என்பதுதான் ஓட்டை எங்கே என்று சொல்லும். தரையை நன்றாகத் துடைத்துக் காய வைத்து, மெஷினைச் சுற்றிலும் அடியிலும் பழைய காகிதத்தைப் பரப்புங்கள். முதல் சொட்டு விழுந்த இடம் காகிதத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, பிரேக்கரை ஏற்றி, குழாயைத் திறந்து, துணி போடாமல், சோப்பு போடாமல், பச்சைத் தண்ணீரில் ஒரு சின்ன சுற்று ஓடவிட்டு, டார்ச்சோடு பக்கத்திலேயே இருங்கள். போனைப் பார்க்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

தண்ணீர் உள்ளே ஏறும்போதே ஒழுகினால், பின்னால் குழாய்க்கும் மெஷினுக்கும் நடுவே இருக்கும் ஹோஸைப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கும். அது காய்ந்து விறைத்துப்போயிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, வாஷரை மாற்றுங்கள். கையால் இறுக்கி, அதற்குமேல் இடுக்கியால் கால் சுற்று போதும். பலம் காட்டினால் மெஷின் பக்கத்து பிளாஸ்டிக் மரை உடைந்துவிடும். ஹோஸே வெடித்திருந்தாலோ எங்காவது உப்பியிருந்தாலோ புதிது வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லித்தான் பல கம்பெனிகள் கையேட்டில் எழுதுகின்றன. ஒரு எச்சரிக்கை: முக்கால் இஞ்ச் என்று போட்டிருந்தாலும் எல்லா நாட்டு ஹோஸும் ஒன்றல்ல. அமெரிக்கா, கனடாவில் இஞ்சுக்கு 11.5 மரை, பிரிட்டன், ஐரோப்பா போன்ற இடங்களில் 14 மரை. ஒன்று இன்னொன்றில் ஏறுவதுபோல் ஏறிப் பாதியில் சிக்கும். பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த ஹோஸை நம்பாமல், இருக்கும் நாட்டிலேயே வாங்கிவிடுங்கள்.

ஹோஸில் ஈரமே இல்லை, ஆனால் முன்பக்கம் மேலிருந்து வழிகிறது என்றால் சோப்புத் தட்டு. முழுவதுமாக வெளியே இழுத்து வெந்நீரில் ஊறவைத்துத் தேயுங்கள். தட்டு உட்காரும் பொந்தின் மேல்பக்கத்தில் சின்னச் சின்ன துளைகள் இருக்கும், அவற்றைப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். அவை அடைத்தால் தண்ணீர் கண்டபடி தெறிக்கும்.

துவைக்கும்போது கதவு வழியாக வழிந்தால் உடனே ரப்பரைக் குற்றம் சொல்லாதீர்கள். நுரையாகவும் இருக்கலாம். முன்கதவு மெஷின் குறைந்த தண்ணீரில் ஓடுவது, கைத்துவையலுக்கான சோப்புத்தூளைப் போட்டால் நுரை பொங்கிக் கிடைத்த சந்திலெல்லாம் வெளியே வரும். முதல் வீட்டில் இரண்டு வாரம் நான் ரப்பரோடு மல்லுக்கட்டினேன், குற்றவாளி நான் போட்ட தூள்! சோப்பே இல்லாமல் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒழுகவில்லை என்றால் பிரச்சினை உங்கள் கை அளவில்தான்.

சோப்பில்லாமலும் வழிகிறதா? கதவு ரப்பரின் மடிப்பை விரித்து, டார்ச் அடித்து, விரலால் சுற்றிலும் தடவுங்கள். ஹேர்பின், முடி, பிசுக்கு எல்லாம் கீழ்ப்பகுதியில்தான் சேரும். கதவுக் கண்ணாடியில் ரப்பர் படும் இடத்தையும் துடையுங்கள், அங்கே படிந்த சோப்புக் கறையே போதும் கசிவதற்கு. ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒட்டுப் போட்டுப் பார்த்தேன், டிரம் ஆடுகிற ஆட்டத்துக்கு நிற்கவில்லை.

ரப்பர் மாற்றுவது ஒரு சனிக்கிழமையை முழுசாகத் தின்னும், ஆனால் முடியும். கதவு விளிம்பிலோ அதற்குப் பின்னாலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். கடைசி எழுத்துவரை, சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள், ஒரே பெயரில் நாலு விதம் வரும். ரப்பரின் வெளி விளிம்பை ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும், அதில் சின்ன ஸ்பிரிங். தட்டையான முனை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கழன்று வரும். உள்வளையம் டிரம் பக்கம் இருக்கிறது, அதற்குப் பல மெஷின்களில் மேல்மூடியையும் முன்பலகையையும் கழற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். புது ரப்பரில் மேலே ஒரு அம்புக்குறியோ முக்கோணமோ இருக்கும், அது டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டியில் உள்ள குறிக்கு நேராக வர வேண்டும். தண்ணீர் வடியும் துளைகள் சரியாகக் கீழே. வழுக்கிக்கொண்டு உட்கார இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போதும், எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். அந்த ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டும்போது நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

தண்ணீர் வெளியேறும்போது ஒழுகினால் கீழே முன்பக்கத்தில் சின்னக் கதவுக்குள் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். பழைய துண்டும் தட்டையான தட்டும் வைத்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள், லிட்டர் கணக்கில் கொட்டும். நாணயம், பொத்தான், குட்டிச் சாக்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டிய நூல் பிசிறைத் துடைத்து, நேராக வைத்துத் திருகுங்கள். ஒருமுறை நான் மரை மாற்றி ஏற்றிவிட்டேன். வந்த மெக்கானிக் அதைக் கழற்றி மாட்டிவிட்டு முழுக் கட்டணம் வாங்கிப் போனார். அதன்பின்தான் இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

மெஷின் ஓடாத நேரத்திலும் டிரம்மில் தண்ணீர் சேர்கிறதா? முகர்ந்து பாருங்கள். சுத்தமான தண்ணீர் என்றால் உள்ளே வரும் வால்வு முழுதாக மூடவில்லை, அதை மாற்றும்வரை துவைத்து முடித்ததும் குழாயை மூடுங்கள். நாற்றமடித்தால் அது சிங்க் தண்ணீர். வெளியேறும் ஹோஸைச் சிங்க்குக்கு அடியில் தாழ்வாக மாட்டியிருப்பார்கள். அதைச் சிங்க்கின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் வரும்படி முடிந்த அளவு உயரமாகத் தூக்கி வளைத்துக் கட்டினால் சரியாகிவிடும்.

ஸ்பின்னில் மட்டும் விமானம் கிளம்புவதுபோல் சத்தம், பின்பக்கம் துருநிறத்தில் கசிவு, வெறும் டிரம்மை மேலும் கீழும் ஆட்டினால் லொடலொட என்று ஆடுகிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் டிரம் சுழலத் தாங்கும் பேரிங் போய்விட்டது. இதை நீங்கள் தொட வேண்டாம். பல புது மெஷின்களில் தொட்டியையே ஒட்டி மூடிவிடுகிறார்கள், பேரிங்கை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. பழைய மெஷின் என்றால் அந்தக் காசைப் புதிதில் போடலாம்.

குளிர் நாட்டுக்கு வந்தவர்களுக்கு ஒன்று. மெஷின் கராஜிலோ மூடிய பால்கனியிலோ இருந்தால், உறைபனி நாட்களில் ஹோஸிலும் பம்ப்பிலும் மிஞ்சிய தண்ணீர் உறைந்து விரிந்து வெடிப்பை உண்டாக்கும். ஒழுகுவது பனி உருகிய பிறகுதான் தெரியும். பல நாள் வீட்டைப் பூட்டிப் போகுமுன் குழாயை மூடி, ஃபில்டர் வழியாக மிச்சத்தை வடித்துவிடுங்கள்.

மெஷினை நகர்த்தும்போது இரண்டு பேர் பிடியுங்கள், உள்ளே காங்கிரீட் கட்டி வைத்திருப்பதால் 60, 70 கிலோ சர்வசாதாரணம். புதிதாக வாங்கியது என்றால் கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் முடுக்கியிருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடக்கும், ஹோஸ் எல்லாம் தளரும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு மெஷினின் பின்பக்கமே ஒட்டி வையுங்கள், அடுத்த வீடு மாறும்போது தேட வேண்டாம்.