பின்சக்கர வண்டியும் எல்எஸ்டியும்: பாண்டி, கடலூர் ஆட்கள் அனுபவம் எழுதுங்கள்

லாஸ்பேட்டை ஸ்டியரிங்:

என்னுடையது பழைய ஜெர்மன் செடான். பின்சக்கர ஓட்டம், பிஒய் நம்பர், மூன்றாவது கை. மழை விட்ட ஈரத்தில் மரப்பாலம் சந்திப்பில் இடது பக்கம் திரும்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்கச் சக்கரம் வழுக்கிச் சுற்றும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கும், எஞ்சின் சுணங்கும், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டுவார். நண்பர் ஒருவரிடம் மஸ்டாங் ஜிடி இருக்கிறது, 5 லிட்டர் வி8. பலம் அதிகம் என்பதால் அது இன்னும் மோசமாக வழுக்க வேண்டும். ஆனால் அதே ஈரத்தில் பின்பக்கத்தை லேசாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. அதில் கம்பெனியிலிருந்தே எல்எஸ்டி வருகிறது, அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குப் பலம் போகவைக்கும் கியர் அமைப்பு. என் வண்டியிலும் இருப்பதாக விற்றவர் சொன்னார். எனக்குச் சந்தேகம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஒயிட் டவுன் தெருக்கள் பெரும்பாலும் 90 டிகிரியில் வெட்டிக்கொள்பவை. இடவல சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்றால், அப்படி ஒரு முனை திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 2.36 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். அகலமாகத் திரும்பினாலும் குறுக்கித் திரும்பினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதற்கு வழிவிடத்தான் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற கியர் தொகுதி. ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக 1827-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், ஆகவே பாண்டிக்காரர்கள் இதில் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம்.

சாதா டிஃபரன்ஷியல், அதாவது ஓப்பன் டிஃப், இரண்டு பக்கமும் எப்போதும் சமமான டார்க்கைத்தான், அதாவது சக்கரத்தைச் சுற்றும் முறுக்குவிசையைத்தான், அனுப்பும். சிக்கலே அங்கேதான். ஈரமான பெயின்ட் கோட்டில் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்றால், காய்ந்த தாரில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100 தான். அது 600 தாங்கும் நிலையில் இருந்தாலும் சரி, கிடைக்காது. எல்எஸ்டி புதிதாகப் பிடிமானம் எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே.

வைத்து ஓட்டியவர்கள், பிரித்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

பாகூர் டிராக்டர்:

தம்பி, ஸ்போர்ட்ஸ் கார் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லும் இந்த வியாதி ஒவ்வொரு நடவுக்கும் சேற்றில் நாங்கள் பார்ப்பதுதான். நுகத்தடியில் ஒரு மாடு தளர்ந்தால் தடி அந்தப் பக்கம் சாயும், அடுத்த மாடு எவ்வளவு திமிறினாலும் ஏர் நகராது. டிராக்டருக்கு அதனால்தான் குதிகாலருகே டிஃப் லாக் பெடல் இருக்கிறது. மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். பூட்டிக்கொண்டே திரும்பப் பார்த்தால் திரும்பாது, கியர்தான் கெடும்.

இன்னொன்று: டிராக்டரில் இடது வலது பிரேக் தனித்தனி. எந்தச் சக்கரம் வெறுமனே சுற்றுகிறதோ அதன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் மற்றச் சக்கரம் இழுக்கும். உங்கள் மஞ்சள் விளக்கு மினுக்கும்போது கம்ப்யூட்டர் செய்வது அதைத்தானே? என் அப்பா அதைக் காலாலேயே செய்தார்.

லாஸ்பேட்டை ஸ்டியரிங்:

அதேதான் ஐயா. ஆனால் கம்ப்யூட்டர், சக்கரம் வழுக்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கும், கூடவே எஞ்சினையும் அடக்கும். இப்படியே தொடர்ந்து வேகமாக ஓட்டினால் பின் பிரேக் சூடாகிவிடும், பேட் தேயும்.

வைசியாள் வீதி, இப்போது பாரிஸ்:

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே என்னிடம் டொயோட்டா ஜிடி86. அதில் டார்சன் வகை எல்எஸ்டி. கிளட்ச் தகடு எதுவும் கிடையாது, முழுக்க கியர்தான். சாய்வெட்டுப் பற்கள், டார்க் ஏறும்போது பக்கவாட்டில் நெருக்கித் தேய்ந்து, பிடிமானம் உள்ள பக்கத்துக்கு அதிகம் தள்ளும். 3-க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் சக்கரம் 100 தாங்கினால் மற்றதற்கு 300 போகும், மொத்தம் 400. ஓப்பன் டிஃப்பில் இது 200 தான்.

டிராக்கில் திருப்பத்தின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆரம்பிக்கலாம் என்பது பெரிய சுகம். உடம்பு வெளிப்பக்கம் சாய, உள்சக்கரத்தின் மேல் பாரம் குறையக் குறைய, டார்க் தானே வெளிச்சக்கரத்துக்குப் போகிறது, ஸ்டியரிங்கில் ஒரு உதறலும் தெரியாது. ஆனால் அதன் பலவீனமும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. டிராக் ஓரக் கர்பில் ஏறி உள்சக்கரம் காற்றில் தொங்கும்போது அது தாங்குவது பூஜ்யம். மூன்று பூஜ்யமும் பூஜ்யம். அந்த ஒரு நொடி வண்டி ஓப்பன் டிஃப் போலத்தான் நடந்துகொள்ளும். வீட்டு கராஜ் சரிவில் குறுக்காக ஏறும்போது ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஏறிவிடும். தொங்கும் சக்கரத்துக்குப் பிரேக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுத்தால் போதும், மீதியை கியர் பார்த்துக்கொள்ளும். பாகூர் ஐயாவின் அப்பா டார்சன் வண்டியையும் நன்றாக ஓட்டியிருப்பார்.

காலாப்பட்டு மாணவன்:

அண்ணா, எங்கள் கல்லூரி டீம் கோவை பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும், மாணவர்களே ரேஸ் வண்டி கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வண்டி கட்டுகிறது. சீனியர்கள் கட்டிய வண்டியில் டிஃபரன்ஷியலே இல்லை. கோ-கார்ட் போல ஒரே தண்டு, நாங்கள் ஸ்பூல் என்போம். எடை குறைவு, உடையவும் ஒன்றுமில்லை. நேர்ப்பாதையில் அருமை. ஸ்கிட்பேட் என்று ஒரு சோதனை உண்டு, 15.25 மீட்டர் விட்டமுள்ள உள்வட்டத்தைச் சுற்ற வேண்டும். அங்கே வண்டி மூக்கை வெளியே நீட்டிக்கொண்டே போனது. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டியை நேராகவே தள்ளும், முன்டயர் பாவம் இழுத்து இழுத்துத் திருப்பும்.

இப்போது ட்ரெக்ஸ்லர் கம்பெனியின் கிளட்ச் வகை எல்எஸ்டி போட்டிருக்கிறோம். உள்ளே இருக்கும் பிரஷர் ரிங்குகளில் சரிவான வெட்டு இருக்கும். டார்க் ஏறினால் குறுக்கே இருக்கும் சிறு தண்டு (கிராஸ் பின்) அந்தச் சரிவில் ஏறி ரிங்குகளை இரண்டு பக்கமும் தள்ளும், அவை கிளட்ச் தகடுகளை அழுத்தும். சரிவின் கோணத்தை மாற்றினால் குணம் மாறும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் பூட்டினால் ஒன்-வே. காலை எடுக்கும்போதும் அதே அளவு பூட்டினால் டூ-வே, டிரிஃப்ட் ஆட்களுக்குப் பிடித்தது. நடுவில் நிற்பது ஒன்றரை. எங்கள் டிரைவர்கள் இருவருக்கும் இதில் ஒத்துப்போகவே போகாது. பிரேக் பிடித்துத் திருப்பத்துக்குள் போகும்போது பின்பக்கம் ஆடக்கூடாது என்பவர் டூ-வே கேட்பார், மூக்கு சட்டென்று உள்ளே வரவேண்டும் என்பவர் ஒன்-வே கேட்பார்.

கேப்பர் மலை ஜீப்:

பெர்ஃபார்மன்ஸ் வண்டி இல்லை, மஹிந்திரா தார் 4x4. பின் ஆக்ஸிலில் ஈட்டன் கம்பெனியின் எம்எல்டி, அதாவது தானே பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல். சவுக்குத் தோப்பு மணலில் ஒரு பக்கம் மாட்டினால் ஒரு கணம் சுற்றும், ‘டக்’ என்று சத்தம், முழுதாகப் பூட்டிக்கொண்டு ஏறிவிடும். இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் வேலை செய்யும், வேகத்தில் பூட்டாது. எனவே இதை டிராக் எல்எஸ்டியோடு சேர்த்துப் பேசாதீர்கள். அப்புறம், இதை நம்பி யாரும் கடற்கரையில் இறக்காதீர்கள். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிடும் கரை இது.

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:

என் கடைக்கு வரும் எல்எஸ்டி வண்டிகளில் பாதிக்கு மேல் ஆயில் பிரச்சினைதான். ஒரு கூபே வந்தது. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் பின்னால் ‘கட கட’ என்று உதறும். வேறு ஒரு இடத்தில் கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலைச் சுற்றவைக்கும் பற்சக்கர ஜோடி) போய்விட்டது, ஹவுசிங்கோடு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். திறந்து பார்த்தேன், பல்லில் ஒரு கீறல் இல்லை. யாரோ சாதா கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். கிளட்ச் வகைக்கு ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்கும் சேர்மானம்) கலந்த ஆயில் வேண்டும், இல்லையென்றால் தகடுகள் வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும். சரியான ஆயில் ஊற்றி, காலி மைதானத்தில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு ஓட்டினோம். தகடுகளுக்குள் ஆயில் ஏறியதும் சத்தம் நின்றது.

இரண்டாவது, டயர். பின்னால் ஒன்று புதுசு, ஒன்று பாதி தேய்ந்தது என்று போடாதீர்கள். விட்டம் மாறினால் நேர் ரோட்டில் போகும்போதும் தகடுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்துபோன எல்எஸ்டி சத்தம் போடாது, சும்மா ஓப்பன் டிஃப் ஆகிவிடும். விற்பவர் சொல்வதில் பொய் இல்லாமலும் இருக்கலாம், எப்போதோ இருந்திருக்கும்.

லாஸ்பேட்டை தம்பி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறக்கியிருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்று. மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓப்பன், அதே பக்கம் வந்தால் கிளட்ச் எல்எஸ்டி உயிரோடு இருக்கிறது. பாரிஸ்காரரின் டார்சனுக்கு இந்தச் சோதனை செல்லாது, பாரம் இல்லாமல் அதுவும் எதிர்ப்பக்கமே சுற்றலாம்.

லாஸ்பேட்டை ஸ்டியரிங்:

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன் அண்ணே. எதிர்ப்பக்கம். வெண்ணெய் போலச் சுற்றியது. பழைய எல்எஸ்டி ஒன்று சென்னையில் கிடைக்கும் என்கிறார்கள், வாங்கலாமா?

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:

வாங்கும் முன் ஹவுசிங்கில் இருக்கும் டேக்கைப் படம் எடுத்து அனுப்பு. உன் வண்டியின் ஃபைனல் டிரைவ் ரேஷியோவும் (சக்கரம் ஒரு சுற்று வர எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) வாங்கப்போவதன் ரேஷியோவும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் சுற்றும் வேகமும் மாறிவிடும். தகட்டின் தடிமனை அளந்து காட்டாமல் ஒருவர் விற்றால் விட்டுவிடு. அதற்கு முன் பின்னால் நல்ல டயர் இரண்டு போட்டு ஒரு மழையில் ஓட்டிப் பார், பிறகு பேசுவோம்.