செல் வளர்ப்பு காப்புரிமை: "விளக்கம் போதாது" என்ற ஆட்சேபம், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் காப்புரிமை வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள். சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் திரவம்) இல்லாமல் ஸ்டெம் செல் வளர்க்கும் முறைக்கு எங்கள் ஆய்வகம் 2023இல் விண்ணப்பித்தது. துறை தெரிந்தவர்கூட இதைப் படித்துவிட்டுச் செய்துபார்க்க முடியாது என்று, காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 25(4)இன்படி இப்போது ஆட்சேபம் வந்திருக்கிறது. கோரிக்கையில் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்ற பகுதியில்) எல்லா வகை மெசன்கைமல் செல்களும் (எலும்பு, கொழுப்பு போன்ற திசுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள்) உண்டு. செய்துகாட்டியதோ தொப்புள்கொடி செல்களில் மட்டும். கலக்கும் வேகம் "மெதுவாக" என்றிருக்கிறது, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணே இல்லை! விண்ணப்பத்தை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எலும்பு மஜ்ஜை செல்களில் செய்த தரவை அனுப்பினோம். விண்ணப்பத் தேதிக்குப் பிந்தியது என்று ஏற்கவில்லை. வேகத்தை இப்போது சேர்க்கலாமென்றால் பிரிவு 84 புதுத் தகவலுக்கு இடம் தராது. கோரிக்கையைச் சுருக்க முதலாளிக்கு மனமில்லை.

"மெதுவாக" என்றால் வழக்கமான வேகம்தான் என்று பழைய பாடநூல்களைக் காட்டி வாதாடி, இங்கே யாராவது ஜெயித்திருக்கிறீர்களா?